மெர்வின் டக்வெல் மூடிய குழி

எங்கள் டாரநூக்கில் குழி தோண்டுவது சுலபம். ஒரு கடப்பாரையும் முதுகெலும்பும் இருந்தால் போதும். தோண்டிய குழியை மூடுவதற்குத்தான் ஒரு வாரியம் தேவைப்பட்டது. நிலக்குழி மீள்நிரப்பு வாரியம் என்று பெயர். பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது. அதில் ஏழு பதவிகள், இரண்டு ஆட்கள்.

நூற்றெழுபது வருடங்களுக்கு முன் உலகம் முழுவதிலுமிருந்து கப்பலேறி வந்து இங்கே தங்கம் தோண்டியவர்கள் ஒரு குழியைக்கூட மூடியதில்லை. அவசரம். அடுத்த குழியில் தங்கம் இருக்கலாம். அப்படி விட்டுப்போன குழிகளில் ஒன்று வாரியத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே இருக்கிறது. நாற்பது மீட்டர் ஆழம் என்கிறார்கள். இறங்கிப் பார்த்து ஏறிவந்து சொன்னவர் யாரும் இல்லை. அதன்மேல் ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்தின்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்திருக்கிறார்கள். இதை ஏன் மூடவில்லை என்று கேட்டால் இயக்குநர் அலிஸ்டர் பென்ஹாலோ பொறுமையாகச் சொல்வார்: "அது வாரியம் வர்றதுக்கு முந்தின குழி. அதை மூடினா நாங்க எல்லை மீறினதா ஆயிடும்."

மெர்வின் டக்வெல் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கிராசிங் உண்டு. அந்தத் தடத்தில் 1986க்குப் பிறகு ரயில் வந்ததில்லை. தண்டவாளத்தின் நடுவே ஒரு மரம் வளர்ந்து, பூத்து, அதில் தேனீக்கள் கூடும் கட்டிவிட்டன. மெர்வின் ஓய்வு பெறும் நாள்வரை அங்கே பேருந்தை நிறுத்தி, இடம் பார்த்து, வலம் பார்த்து, பிறகுதான் கிளம்பினார். இனி நடக்கப்போகிற எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

ஓய்வு பெற்ற மறுவாரம், மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கூவும் டிடெக்டர் ஒன்றை வாங்கினார். ஒன்பது வருடம், தலையில் ஹெட்போன், கையில் டிடெக்டர், தரையைப் பெருக்குகிறவரைப்போல அயர்ன்பார்க் மரங்களுக்கு நடுவே வீசிக்கொண்டே நடந்தார். அது கூவிய இடத்திலெல்லாம் தோண்டினார். கிடைத்ததையெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஜாம் ஜாடிகளில் வகை பிரித்து வைத்தார். முதல் ஜாடியில் துப்பாக்கி ரவை. இரண்டாவதில் ஆணி. மூன்றாவதில் பியர் டின்னைத் திறக்கும்போது பிய்த்தெறியும் அலுமினிய வளையங்கள். நான்காவது ஜாடியில் 'தங்கம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதில் அவர் மனைவி கிளெனிஸ் ரப்பர் பேண்டுகளைப் போட்டு வைத்திருந்தார்.

அந்த வளையங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தங்கத்துக்கும் பியர் டின் வளையத்துக்கும் டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே கூவல்தான். தோண்டிக் கையில் எடுத்தால்தான் எது என்று தெரியும். அப்பன்மார்கள் காட்டுக்குள் குடித்து வீசியதைப் பிள்ளைகள் மூச்சுவாங்கத் தோண்டியெடுப்பதுதான் எங்கள் ஊரின் ஞாயிற்றுக்கிழமை.

"மெர்வ், ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமா?" என்றார் கிளெனிஸ் ஒருநாள், மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டபடி. ஒன்பது வருடமாக இருவரும் மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். "நம்ம நாப்பதாவது கல்யாண நாளுக்குள்ள நீ தங்கம் எடுத்துட்டா, அதைக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டு நான் பௌல்ஸ் கிளப் சாப்பாட்டுக்கு வர்றேன். எடுக்கலைன்னா இந்த மேசை எனக்கு."

"அதுக்கு ஆறு வாரந்தானே இருக்கு கிளென்?"

"ஒம்போது வருஷம் குடுத்தேனே. அது எங்க போச்சு?"

மெர்வினுக்கு மேசை பெரிதில்லை. அந்தக் கழுத்தைத்தான் நினைத்தார். நாற்பது வருடத்தில் அந்தக் கழுத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்தது ஒரு மப்ளர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை டிடெக்டர் கூவியது. வளையம்தான் என்று முனகிக்கொண்டே தோண்டினார். இருபத்தெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் அவரை விதை அளவில் ஒரு தங்கக் கட்டி கிடந்தது. நாலு கிராம். மெர்வின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எந்தத் தங்கவேட்டைக்காரனும் பெருமையோடு செய்வதைச் செய்தார்: குழியை மூடினார். மண்ணைத் தள்ளி, மிதித்து, இலைதழைகளைப் பரப்பி, மரப்பட்டைகளை முன்பு கிடந்த கோணத்திலேயே வைத்து, வழிதவறிய எறும்புகளைக்கூடக் குச்சியில் ஏற்றி வரிசையில் விட்டார். பத்தடி தள்ளி நின்று பார்த்தார். குழி இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. இடத்தை எங்கும் குறித்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் ஊரில் யாரும் குறிப்பதில்லை. குறித்து வைத்தால் மச்சினன் படித்துவிடுவான்.

வீட்டில் கிளெனிஸ் அதைக் கடித்துப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். நான்காவது ஜாடியிலிருந்து ரப்பர் பேண்டுகளைக் கொட்டினார்.

"இரு கிளென். முதல்ல வாரியத்துல சொல்லிடணும்."

"எதுக்கு?"

"தோண்டற உரிமைச் சீட்டோட குடுத்த படிவத்துல போட்டிருக்கு."

"அந்தப் படிவத்தையெல்லாம் யார் படிக்கிறா?"

"நான்."

வாரியத்தின் கவுன்டரில் ரோஸலிண்ட் ட்ரெம்பாத் உட்கார்ந்திருந்தார். ஏழு பதவிகளில் ஆறு அவருடையவை. பள்ளிக்கூடக் காலம் முழுக்க மெர்வின் பேருந்தில் போனவர்.

"மெர்வ்! தங்கமா? அடேங்கப்பா!" எழுந்துவந்து கட்டிப்பிடித்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். "குழி எங்க?"

"மூடிட்டேன்."

"மூடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ?"

"எடுக்கலையே ரோஸி."

"மூடின பிறகு?"

"மூடின பிறகு வெறுந்தரை. அதை என்னன்னு எடுக்கறது?"

ரோஸலிண்ட் உதட்டைக் கடித்தார். "இது ஆய்வாளர் பார்க்க வேண்டிய விஷயம். கொஞ்சம் உட்காருங்க." உள்ளே போனார். மஞ்சள் நிற மேல்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அதே கதவு வழியாக வந்தார். "வணக்கம். நான் ஆய்வாளர் ட்ரெம்பாத். என்ன விஷயம்?"

"இப்பத்தானே சொன்னேன்?"

"கவுன்டர்ல சொன்னது கவுன்டரோட போச்சு. எனக்கு எதுவும் வந்து சேரலை."

"ரோஸி, நாலாங் கிளாஸ்ல நீ பஸ்ல வாந்தி எடுத்தப்ப..."

"மெர்வ்," என்றார் ரோஸலிண்ட் தாழ்ந்த குரலில், "மஞ்சச் சட்டை போட்டிருக்கும்போது அதெல்லாம் பேசக்கூடாது."

குழி முறைப்படி மூடப்பட்டதாகச் சான்றிதழ் வரும்வரை தங்கம் வாரியத்தின் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. மெர்வின் கொடுத்தார். பெட்டகப் பொறுப்பாளர் என்ற முறையில் ரோஸலிண்ட் பச்சைச் சட்டை மாட்டிவந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆய்வு. மெர்வின் இரண்டு மரங்களுக்கு நடுவே பொதுவாகக் கையை வீசிக் காட்டினார். ரோஸலிண்ட் குனிந்து பார்த்தார், மண்டியிட்டுப் பார்த்தார், கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். எழுந்து 'குழி காணப்படவில்லை' என்று எழுதினார். "வருத்தமா இருக்கு மெர்வ். ஆனா வேலை ரொம்ப சுத்தம்."

இயக்குநர் பென்ஹாலோ மெர்வினை அறைக்கு அழைத்து, தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் நாட்டில் ஓர் அதிகாரி பிஸ்கட் கொடுத்தால் காரியம் கெட்டுவிட்டது என்று பொருள்.

"மெர்வ், நீங்க மூடலைன்னு நான் சொல்லவே மாட்டேன். பிரச்சினை என்னன்னா, அளவுக்கு மீறி மூடிட்டீங்க. மூடின குழின்னா மூடின மாதிரி தெரியணும். லேசா ஒரு மேடு, கொஞ்சம் புதுமண்ணு, ஒரு அலங்கோலம். தோண்டாத தரை மாதிரியே இருந்தா நான் எதை மூடினதா கையெழுத்துப் போடறது? உங்களுக்காக நாட்டுல இருக்கற தோண்டாத இடத்துக்கெல்லாம் சான்றிதழ் குடுக்க முடியுமா?"

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்தக் குழியைத் திறந்து காட்டுங்க. நாங்க பார்க்கறோம். அப்புறம் மூடுங்க. சுமாரா."

மறுதிறப்பு அனுமதி வர பத்து வேலை நாள் ஆனது. நடுவில் ஈஸ்டர் வேறு வந்து நான்கு நாளைத் தின்றது. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் மெர்வினுக்கு இன்னொன்று உறைத்தது. தங்கத்தை எடுத்துவிட்ட குழிமேல் டிடெக்டர் கூவாது. எனவே எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒருவர் ஒன்றுமில்லாத இடத்தைத் தேடி இரண்டு நாள் முழங்காலில் தவழ்ந்தார். கையில் ஒரு திருப்புளி. குத்திக் குத்திப் பார்த்து, மண் இளகிய இடத்தில் தோண்டினார். குழி கிடைத்தபோது, தங்கம் கிடைத்த அன்றைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

ரோஸலிண்ட் அளந்தார். "முப்பத்தொண்ணு சென்டிமீட்டர். நீங்க எழுதிக் குடுத்தது இருபத்தெட்டு."

"ரெண்டாந்தடவை தோண்டினேன் இல்லையா, கொஞ்சம் கூடுதலா போயிருக்கும்."

"அப்ப மூணு சென்டிமீட்டர் யாரோடது?"

இருபத்தெட்டு வரை பழைய குழி என்றும், அதற்குக் கீழே உள்ளது அனுமதியில்லாத புதுக்குழி என்றும் இரண்டு கோப்புகள் திறக்கப்பட்டன. கீழ்க்குழியை மட்டும் மூடச் சொன்னார்கள். மூடினார். பிறகு மேல்குழி. மண்ணை வாளியில் அளந்து போட்ட ரோஸலிண்ட், கடைசியில் குழியின் விளிம்பைக் கரணையால் தட்டிப் பார்த்தார்.

"மட்டம் வரலை. துளியூண்டு குறையுது."

இயக்குநர் அன்று நேரிலேயே வந்திருந்தார். "மெர்வ், இந்தக் குழியிலேருந்து என்னென்ன வெளிய எடுத்தீங்க?"

"மண்ணு. கல்லு. தங்கம்."

"எதெல்லாம் திரும்பப் போட்டீங்க?"

"மண்ணு. கல்லு."

மரத்தில் ஒரு மேக்பை பறவை தொண்டையைச் சரிசெய்துகொண்டது. இயக்குநர் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, 'குழியினின்று எடுக்கப்பட்ட பொருள் யாவும் அக்குழியிலேயே மீள இடப்படல் வேண்டும்' என்று படித்தார்.

"தங்கம் நீங்கலாக அப்படின்னு எங்கயாவது இருக்கான்னு ஒரு வாரம் தேடினேன் மெர்வ். உங்களுக்காகத்தான். இல்லை."

"அப்ப இத்தனை வருஷமா தங்கம் எடுத்தவங்கள்லாம்?"

"அவங்க யாரும் எங்ககிட்ட வரலையே! வந்தவங்களும் கவுன்டர்ல படிவத்தைப் பார்த்துட்டு, தெரியாம வந்துட்டேன்னு போயிடுவாங்க. கடைசி வரைக்கும் வந்த முதல் ஆள் நீங்கதான். உங்களை மாதிரி நேர்மையான ஆளுங்க இருந்தாத்தான் எங்களால வேலை செய்யவே முடியும்."

"சரி, போட்டு மூடிடறேன். சான்றிதழ் வந்த பிறகு மறுபடி தோண்டி எடுத்துக்கலாமா?"

இயக்குநர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "சான்றிதழ் வாங்கின குழியையா? அது நிரந்தரமா மூடின குழி. அதுல கை வெச்சா குத்தம்."

"அப்ப என் தங்கம்?"

"எங்க போயிடப் போகுது? நாப்பது கோடி வருஷம் பத்திரமா இருந்த இடந்தானே. போடலைன்னா பெட்டகத்துல இருக்கும், உங்க தோண்டற உரிமைச் சீட்டும் பக்கத்துல இருக்கும். உங்க விருப்பம்."

வீட்டுக்கு வந்து மெர்வின் எல்லாவற்றையும் சொன்னார். கிளெனிஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். அது வழக்கமில்லை.

"எப்ப புதைக்கறாங்களாம்?"

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு. நம்ம கல்யாண நாளைக்கு." மெர்வின் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மேசையை நாளைக்கே காலி பண்ணிடறேன் கிளென்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நானே துடைச்சுக்கறேன்," என்றார் கிளெனிஸ். ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, பார்த்து, துடைத்து வைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

சனிக்கிழமை காட்டுக்குள் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். மறுபடி திறந்து வைத்த குழியைச் சுற்றி ரிப்பன். ஓர் ஓரத்தில் வெங்காயத்தோடு சாசேஜ் வாட்டி, ரொட்டித் துண்டில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சாசேஜ் இல்லாமல் தேர்தல்கூட நடக்காது.

ரோஸலிண்ட் பச்சைச் சட்டையில் பெட்டகத்திலிருந்து தங்கத்தைக் கொண்டுவந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, மஞ்சள் ரோஸலிண்டாக அதைப் பெற்றுக்கொண்டு, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். அடுத்து ஒரு சிக்கல். பொருளைக் குழியில் இடுபவர் வாரிய ஊழியராகவும் இருக்கக் கூடாது, விண்ணப்பதாரராகவும் இருக்கக் கூடாது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் சாசேஜ்.

"எங்கிட்ட குடுங்க," என்றார் கிளெனிஸ். "நான் சும்மாத்தான் நிக்கறேன்."

தங்கம் அவர் உள்ளங்கைக்குப் போனது. அவர் விரல்களை மூடிக்கொண்டார். இயக்குநர் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே! இந்த வாரியம் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. வாரியம் என்ன கிழிச்சுதுன்னு சிலர் கேட்டீங்க. இன்னிக்குப் பெருமையா சொல்றேன், இதுதான் நாங்க மூடற முதல் குழி!" கைதட்டல். "இந்த ஒரு குழிக்காக எண்பத்தாறு படிவம், மூணு சட்டை, ரெண்டு கமிட்டி வேலை செஞ்சிருக்கு. ஒரு தனிமனுஷன் தனியா மூடியிருந்தா என்ன ஆயிருக்கும்? பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்! அதுல பொதுமக்கள் பங்கு எங்க இருந்திருக்கும்? மண்ணுல இருக்கறது மண்ணுக்கே சொந்தம். தங்கம் தேடற உரிமை எல்லாருக்கும் உண்டு. அதை யாரும் எடுத்துடாம பார்த்துக்கறது எங்க கடமை."

பேச்சு பதினோரு நிமிடம் நீடித்தது. காற்று குளிர்ந்ததால் கிளெனிஸ் கையைக் கம்பளிச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். முடிந்ததும் கையை எடுத்து, மூடிய கையோடு மண்டியிட்டு, குழிக்குள் முழங்கைவரை விட்டு, உடனே மேலே ஒரு பிடி மண்ணைத் தள்ளினார். மெர்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மூடி முடித்ததும் இயக்குநர் வாரியத்தின் புது டிடெக்டரைத் தானே எடுத்து, குழிமேல் ஒரு வீச்சு வீசினார். அது கணீரென்று கூவியது.

"தங்கம் உள்ளே இருக்கு. எழுதிக்கங்க," என்றார்.

சான்றிதழில் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டு மெர்வினிடம் கொடுத்தார். அன்று மதியமே குழியைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டினார்கள். 'மாவட்டத்தில் உறுதிசெய்யப்பட்ட தங்க இருப்பு: நாலு கிராம், முழுப் பாதுகாப்பில்' என்று அந்த வருட அறிக்கையில் அச்சாகியிருக்கிறது. நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாலை பௌல்ஸ் கிளப்பில் மெர்வின் ஏதோ துக்கத்துக்கு வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார். தட்டில் சிக்கன் பார்மா ஆறிக்கொண்டிருந்தது. எதிரே கிளெனிஸ் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். மப்ளரையும்.

"மன்னிச்சுடு கிளென். நாப்பது வருஷத்துல ஒண்ணே ஒண்ணு செய்யப் பார்த்தேன்."

"இங்க புழுக்கமா இருக்கு இல்ல?" என்று கிளெனிஸ் மப்ளரை அவிழ்த்தார்.

கழுத்தில் மெல்லிய சங்கிலி. சங்கிலியில், ஃப்யூஸ் கம்பியைச் சுற்றிக் கட்டிய நிலையில், அவரை விதை அளவில் ஒரு கட்டி மஞ்சளாக மின்னியது.

மெர்வினின் வாய் திறந்தது. "அப்ப... குழில?"

"மூணாவது ஜாடில ஒரு வளையம் குறையும். எண்ணிப் பார்த்து மனசு கஷ்டப்படாதே."

"கிளென், அவர் டிடெக்டர் வெச்சுப் பார்த்தாரே!"

"பார்த்தார். ஒம்போது வருஷமா நீயும்தான் பார்த்தே."

அந்த நேரம் பார்த்துக் கையில் பியர் கிளாஸோடு இயக்குநர் பென்ஹாலோ வாழ்த்துச் சொல்ல வந்தார். பின்னாலேயே ரோஸலிண்ட், பூப்போட்ட கவுனில். இயக்குநரின் பார்வை கழுத்தில் இறங்கி அங்கேயே நின்றது.

"கிளெனிஸ், அது... தங்கம் மாதிரி இருக்கே?"

"அப்படியா? எந்தக் குழியிலேருந்து வந்திருக்கும் அலிஸ்டர்?"

இயக்குநர் யோசித்தார். மெர்வினின் சட்டைப் பையிலிருந்து சான்றிதழின் முனை எட்டிப்பார்த்தது. அதில் அவருடைய ஆறு கையெழுத்துகள். கழுத்தில் இருப்பது அந்தத் தங்கம் என்றால் வாரியம் மூடிய குழிகளின் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். அவர் பியரை ஒரு மடக்குக் குடித்தார்.

"சே! எவ்வளவு அசலா செய்யறாங்க இப்பல்லாம்!" என்றார். "கிட்ட வந்து பார்த்தாத்தான் போலின்னு தெரியுது. வாழ்த்துகள் மெர்வ்." வேகமாக அடுத்த மேசைக்குப் போனார்.

ரோஸலிண்ட் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து பார்த்தார். "எனக்குப் போலி மாதிரி தெரியலை," என்றார். மெர்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஆனா மெர்வ், இப்ப நான் எந்தச் சட்டையும் போடலை."

அவரும் போனார். மெர்வின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.

"இதை வாரியத்துல சொல்லணும் கிளென். படிவத்துல போட்டிருக்கு."

"சொல்லு. இப்பத்தான் பார்த்துட்டுப் போறாங்க, வாரியம் மொத்தமும்."

மெர்வின் நின்றபடியே இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வழக்கமான நேரம்வரை காத்திருந்தார். ரயில் எதுவும் வரவில்லை.

உட்கார்ந்து, முள்கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.